மெஷினில் ஊற்றிய பன்னீர்

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வாரமா மூக்குல பன்னீர்க் காத்துதான் போச்சுக்கா."

ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் அவரைவிட மூத்தவர்.

"பன்னீரா? எதுக்குடி?"

"தூக்கத்துல அவருக்கு மூச்சு நின்னு நின்னு வருதுன்னு டாக்டர் மூக்குல காத்து ஊதுற மெஷின் ஒண்ணு வெச்சுக்கச் சொன்னாரு. மூக்கு வறண்டு போகாம இருக்க அதுல தண்ணி ஊத்தணும். போர் தண்ணி ஊத்தினேன், சுண்ணாம்பு மாதிரி அடியில படிஞ்சிடுச்சு. கொதிக்க வெச்சு ஊத்தினேன், அப்பவும் படிஞ்சுது. பன்னீர்னா படியாது, வாசனையாவும் இருக்கும்னு நெனச்சேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"கல்யாண வீட்டு வாசல்ல படுத்திருக்கிற மாதிரி இருக்குன்னாரு. ஓயாத தும்மல் வேற. டாக்டர் நல்லாத் திட்டிட்டாரு. மருந்துக்கடையில டிஸ்டில்டு வாட்டர்னு கேட்டு வாங்கி, அத மட்டும் தினம் புதுசா ஊத்தணுமாம்."

"இப்ப நல்லாத் தூங்குறாரா?"

"மூச்சு சீரா வருதுக்கா. ஆனா தூக்கம் எங்க! இத்தனை வருஷமா அவருக்கு மூச்சு வருதான்னு பாத்துப் பாத்தே நான் முழிச்சுக் கெடந்தேன். இப்பத்தான் நிம்மதியாக் கண்ண மூடுறேன். என் குறட்டையில தூக்கமே வரலைங்கறாரு மனுஷன்."