பதினான்கு நாள் பழுது

லேப்டாப்பில் வீடியோ ஓடும்போது படம் உறைந்து நின்றால், பெரும்பாலும் காரணம் தூசிதான். உள்ளே இருக்கும் சின்ன விசிறியைத் துடைத்துவிட்டாலே பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். யார் கேட்டாலும் இதை நான் சொல்லிக்கொடுப்பேன். தொழில் ரகசியம் என்று எதையும் மூடி வைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

என் பெயர் சிவநேசன். தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக டெக்னீஷியன். கெலுகோரில் எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டு டிவி படுத்தாலும், யார் கைபேசி முரண்டு பிடித்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்வதற்கு இந்த விவரங்கள் தேவைப்படுகின்றன.

எங்கள் கட்டடத்தில் வீடுகள் அதிகம், கார் நிறுத்த இடம் குறைவு. அதனால் ஒரு கார் நின்றால் அதன் குறுக்கே இன்னொரு கார் நிற்கும். குறுக்கே நிறுத்துகிறவர் கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட்பிரேக்கைப் போடாமல் மாடிக்குப் போய்விட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் அந்தக் காரைக் கையால் தள்ளி வழி பண்ணிக்கொள்வார். பினாங்கில் இது நடைபழகும் பிள்ளைக்கும் தெரிந்த மரியாதை. எங்கள் இடத்தில் மட்டும் ஒரு நிபந்தனை கூடுதல். மூன்றாவது தூண் வரை தரை சமம். அதைத் தாண்டினால் இறக்கம். ஆகவே தள்ளுகிறவர்கள் லிஃப்ட் பக்கமாகத்தான் தள்ள வேண்டும், தூண் பக்கமாகத் தள்ளவே கூடாது.

இதைத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, லேமினேட் செய்து, ஒவ்வொரு தூணிலும் ஒட்டியது நான்தான். கீழே என் கையெழுத்தும் இருந்தது. மூன்று மொழியிலும் ஒரு பிழை கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு நான் பாசாருக்குக் கிளம்பினேன். எட்டு மணிக்கு மேல் போனால் நல்ல கெம்போங் மீன் கிடைக்காது. என் காருக்குக் குறுக்கே நவமணி டீச்சரின் பழைய கார் நின்றது. அதற்கு லிஃப்ட் பக்கத்தில் இன்னொரு கார். விதிப்படி தள்ளுவதென்றால் இரண்டு காரைத் தள்ள வேண்டும். அன்று எனக்கு இடுப்பில் பிடிப்பு. ஆகவே டீச்சரின் காரைத் தூண் பக்கமாக ஓர் ஆறடி மட்டும் தள்ளினேன்.

அது ஆறடியில் நிற்கவில்லை.

வேகம் என்று சொல்ல முடியாது. வயதானவர் கோயிலைச் சுற்றி வருகிற நடைதான். ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். காலில் ஜப்பான் சிலிப்பர். இறக்கத்தின் முடிவில் எங்கள் சங்கத் தலைவர் பழனியப்பனின் புதுக் கார் நின்றது. வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பூசை போட்ட மாலைகூட இன்னும் முகப்பில் தொங்கியது. டீச்சரின் கார் போய் அந்த மாலையின்மேல் அமைதியாகச் சாய்ந்தது. சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. நான் பாசாருக்குப் போனேன். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். அங்கேயே நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன்? வருத்தப்பட்டிருப்பேன். அதைப் பாசாரிலும் செய்ய முடிந்தது.

மீனோடு திரும்பியபோது கீழே கூட்டம். நடுவில் சாஹித் நின்றார். எங்கள் ஜாகா. பதினொரு வருடமாக அந்த வாசலில் காவல் இருப்பவர். வயதானவர்களும் பெண்களும் கூப்பிட்டால் அவர்தான் போய்க் கார் தள்ளிக் கொடுப்பார். அதுதான் அன்று அவருக்கு வினையாகிவிட்டது.

"உன்னைய விட்டா இங்க யாருய்யா தள்ளுவா?" என்று பழனியப்பன் கத்திக்கொண்டிருந்தார். "மூணு நாளு! மூணே நாளு ஆச்சு எடுத்து!"

"சத்தியமா நா தொடல தலைவரே. அந்நேரம் பின்னால தண்ணித் தொட்டிக்கிட்ட நின்னேன் லா. கேமரா இருக்குல்ல? போட்டுப் பாருங்க."

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் நவமணி டீச்சர். "என் காரு மோதுச்சா, இல்ல உங்க காரு வந்து மோதுச்சா?"

"டீச்சர், என் காரு பார்க்கிங்ல நின்னுச்சு!"

"அத கேமரா சொல்லட்டும்."

எல்லோரும் சங்க அலுவலகத்துக்குப் போனோம். நானும் மீன் பையோடு போனேன். பழனியப்பன் லேப்டாப்பைத் திறந்து, காலை ஆறு மணியிலிருந்து வீடியோவை ஓடவிட்டார். எட்டு விநாடி ஓடியது. ஒரு பூனை வாலைத் தூக்கியது. அப்படியே நின்றுவிட்டது. பூனை மட்டுமல்ல, மொத்த லேப்டாப்பும். பட்டனை அழுத்தி அணைத்து, மறுபடி ஏற்றப் பத்து நிமிடம். மறுபடி அதே பூனை, அதே வால்.

இங்கே ஒன்றைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த லேப்டாப்பை நான் எதுவும் செய்யவில்லை. அது தானாகத்தான் உறைந்தது.

"சிவநேசன், இது உங்க கேஸு," என்று பழனியப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

உட்கார்ந்தவுடன் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்புதான் கேமராக்களை மாற்றியிருந்தோம். புதுக் கேமரா வீடியோவைப் புது விதமாகச் சுருக்கி அனுப்புகிறது. லேப்டாப்போ பழையது. வீடியோவை விரித்துக் காட்டும் வேலையை அதன் கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுத்தால், சிப் திணறிப்போய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. செட்டிங்கில் 'ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதிலிருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் போதும். ஐந்து நிமிட வேலை.

ஆனால் ஒரு டெக்னீஷியன் முதல் பார்வையிலேயே முடிவுக்கு வரக் கூடாது. மற்ற காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். அதுதான் முறை. கேமராப் பெட்டி பதினான்கு நாள் பதிவைத்தான் வைத்திருக்கும், பதினைந்தாம் நாள் பழையதன்மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும் என்பதும் எனக்குத் தெரியும். முறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சாஹித்தை வேலைக்கு அனுப்பிய காவல் கம்பெனி பழனியப்பனுக்கு இரண்டு வாரம் தவணை கொடுத்தது. அதற்குள் வீடியோ கிடைத்து, அவர் தள்ளவில்லை என்று தெரிந்தால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மாற்றல். அதோடு அவருடைய கோப்பில் ஒரு கறுப்புப் புள்ளியும் விழும்.

முதல் இரண்டு நாள் விசிறியைச் சுத்தம் செய்தேன். உள்ளே ஒரு பல்லி முட்டை இருந்தது. அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். பழனியப்பன் அதைப் படம் பிடித்துச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டார். நாற்பது பேர் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். அடுத்த மூன்று நாள் வைரஸ் தேடினேன். வைரஸ் இல்லை. இல்லை என்பதை உறுதி செய்யவும் நேரம் எடுக்கும். பிறகு மெமரி போதாது என்று சொல்லி ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். பொருள் தூரத்திலிருந்து வந்தது. தூரத்தில் இருக்கும் கடையாகப் பார்த்துத்தான் நானும் ஆர்டர் செய்தேன். பார்சல் வந்து சேர ஆறு நாள் ஆயிற்று. அதைப் பொருத்திச் சோதித்துப் பார்க்க மீதி மூன்று நாள்.

அலுவலகத்தில் விளக்கு மங்கல். லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றி வேலை செய்யும்போதெல்லாம் சாஹித்தான் பக்கத்தில் நின்று தன் கைபேசியின் டார்ச்சைப் பிடித்தார். கை நடுங்காமல் பிடிப்பார்.

"ஆயிடுமாண்ணே?"

"ஆயிடும். அவசரப்பட்டா போர்டு போயிரும்."

"நீங்க மெதுவாவே பாருங்கண்ணே. நீங்க இருக்கீங்கன்னுதான் எனக்குத் தைரியம். ஹமீதாகிட்டகூடச் சொன்னேன், அண்ணன் கை வெச்சா விடமாட்டாருன்னு."

ஹமீதா அவருடைய மனைவி. காவல் கூண்டின் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, தேங்காய்ப்பால் சோற்றை நாசி லெமாக் பொட்டலமாக விற்பார். அந்த நாள்களில் எனக்குத் தனியாக ஒரு பொட்டலம் வரும். முழு முட்டையோடு. வேண்டாம் என்று சொன்னால் மனம் புண்படும், ஆகவே சாப்பிட்டேன்.

என் மகள் தனுஜா கொஞ்சம் இடைஞ்சல் செய்தாள். யூனிவர்சிட்டியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். பத்தாம் நாள் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தாள்.

"அப்பா, ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன ஆஃப் பண்ணிப் பார்த்தீங்களா?"

"பார்க்கணும்."

"பத்து நாளாச்சு, இன்னும் பார்க்கலியா? அதான்பா ஃபர்ஸ்டு பார்க்கணும். சரி, ஃபைல பென்டிரைவ்ல எடுத்துட்டு வாங்க. என் லேப்டாப்ல போட்டுத் தாரேன்."

"அதுல எல்லார் வீட்டு ஆளுங்களும் வருவாங்கம்மா. யார் எப்ப வெளிய போனாங்க, யாரோட வந்தாங்க, எல்லாம் இருக்கும். அத ஆபீஸ விட்டு வெளிய கொண்டுபோறது தப்பு."

"நீங்க ரொம்ப நேர்மைப்பா," என்றாள். அவள் அதைக் கேலியாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். மறுநாள் சங்கக் குழுவிலும் அதே விளக்கத்தைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நவமணி டீச்சர் மற்றவர்களைவிட வேகமாகத் தலையாட்டினார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாளில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. 'காரைத் தள்ளியது நீங்களா' என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பதினைந்தாம் நாள் காலை, எல்லோர் முன்னாலும் அந்த டிக்கை எடுத்தேன். வீடியோ தண்ணீர் மாதிரி ஓடியது. பழனியப்பன் என் தோளில் தட்டினார். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடினார். பெட்டியில் திங்கட்கிழமையிலிருந்துதான் இருந்தது.

"ஐயோ, ஒரு நாள்ல போச்சே," என்றார்.

டார்ச்சு பிடிக்கலாம் என்று வந்த சாஹித், கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த வாரமே கம்பெனி அவரைக் கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கிடங்குக்கு மாற்றியது. கிளம்பும் நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு என் வீட்டுக்கும் வந்தார். "நீங்க ஒருத்தர்தாண்ணே எனக்காகப் பதினாலு நாள் கஷ்டப்பட்டீங்க," என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. புகழ்ச்சி எனக்கு எப்போதுமே ஒத்துவராது.

இப்போது அவர் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய் வருகிறார். ஹமீதாவின் மேசையும் போய்விட்டது. புது ஜாகா அதற்கு இடம் தரவில்லை. இதில் எனக்கும் இழப்பு உண்டு என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. காலைச் சாப்பாட்டுக்கு இப்போது நான் கடைவரை நடக்க வேண்டியிருக்கிறது. சங்கத்தின் ஆண்டு விருந்தில் லேப்டாப்பைச் சரிசெய்ததற்காக எனக்குப் பொன்னாடை போட்டார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன், இரண்டு தடவை.

போன வியாழக்கிழமை மாலை சாஹித் வீடியோ காலில் வந்தார். கிடங்கு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு சாஹித்."

"இங்க ஆபீஸ் லேப்டாப்பும் அதே மாதிரி வீடியோ போட்டா ஹேங் ஆச்சுண்ணே. சித்தி ஹாஜரான்னு கணக்கு எழுதுற ஒரு கிராணி. அவங்களுக்குக் கம்ப்யூட்டரே சுமாராத்தான் தெரியும். போன்ல பார்த்துட்டு, ஏதோ ஒரு டிக்க எடுத்தாங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகல."

"அப்படியா? நல்லது."

"நீங்க கடைசி நாள் எடுத்தீங்களே, அதே டிக்குதாண்ணே. பக்கத்துல நின்னு பார்த்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"அண்ணே... அந்தக் காரத் தள்ளுனது நீங்களா? நா யாருகிட்டயும் சொல்லமாட்டேன். கம்பெனிக்கு மட்டும் நீங்க ஒரு வார்த்தை சொன்னா, என்னையத் திரும்ப அங்கயே போட்டுருவாங்க. ஹமீதாவும் மேசையப் போட்டுக்கும்."

கேட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கேட்டால் சொல்லியிருப்பேன் என்று சொன்னேன் அல்லவா? அதிலிருந்து நான் பின்வாங்கவில்லை. பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டேன். கண்ணை இமைக்கவில்லை. கைபேசியைப் பிடித்த கையும் அசையவில்லை. மூச்சைக்கூட நிறுத்திக்கொண்டேன். உறைந்துபோன படம் எப்படி இருக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

"ஹலோ? அண்ணே?"

நான் படமாகவே இருந்தேன்.

சாஹித் திரையை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். என்னைப் பார்த்தார். என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"லைன் ஸ்டக் ஆயிருச்சு போலண்ணே," என்றார் மெதுவாக. "பரவால்ல. வெச்சுர்றேன்."

அவர் வைத்த பிறகுதான் மூச்சு விட்டேன். திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் ஜன்னல் திரை காற்றில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, பதினொரு வருடம் எங்கள் வாசலில் காவல் இருந்தவர் என்றாலும், சாஹித் இதையெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை.