இலை திரும்பின பக்கம்

— செடி மாத்தறது அப்புறம் இருக்கட்டும், டாக்டர். முதல்ல அந்தக் கதவைத் திறங்க.

— எந்தக் கதவைச் சொல்றீங்க, செடிக்காரம்மா?

— இந்தத் தொட்டிக்குப் பின்னாடி இருக்கிற கதவை.

— அது பழைய எக்ஸ்ரே ரூம். மிஷினைத் தூக்கி மூணு வருஷமாச்சு. உள்ள உடைஞ்ச நாற்காலியும் பழைய பல்செட்டு அச்சும் கிடக்கு, அவ்வளவுதான். சாவி எங்க போச்சுன்னே தெரியலை. நீங்க வந்த வேலையை முடிச்சுட்டுக் கிளம்புங்க. ரெண்டு மணிக்கு ஒருத்தருக்குப் பல்லு பிடுங்கணும்.

— ஒன்றரைதான் ஆகுது. நர்ஸ் பொண்ணும் சாப்பிடப் போயிருக்கு. நீங்க தனியா இருக்கீங்கன்னுதான் இப்ப கேக்கறேன்.

— அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

— பாருங்க, ஆறு வாரத்துக்கு முன்னாடி இந்த மணிபிளான்டை இங்க வச்சப்ப ஒன்பது இலை இருந்தது. இன்னிக்குப் பதினஞ்சு. வேணும்னா எண்ணிக்கோங்க.

— நல்ல விஷயம்தானே. உங்க கைராசி.

— என் கையில ராசி எதுவும் இல்ல. இந்த நடையைப் பாருங்க. ஒரு ஜன்னல் கிடையாது. விளக்கும் யாராவது நடந்து போறப்ப மட்டும்தான் எரியுது. இங்க ஒரு செடி இப்படித் தழைக்கவே முடியாது.

— தண்ணி ஊத்தறோம். நீங்க உரம் போடறீங்க. மண்ணுலேர்ந்து சாப்பிட்டு வளருது. இதுல என்ன அதிசயம்?

— நீங்க இவ்வளவு படிச்சவரு, நீங்களும் இப்படிச் சொல்றீங்க. தண்ணியும் உரமும் சாப்பாடு இல்ல, டாக்டர். அது கடையிலேர்ந்து வந்து இறங்கற சாமான். வேர் அதைத் தூக்கி மேல கொடுக்கும், அதோட அதன் வேலை முடிஞ்சுது. சமையல் நடக்கறது இலையில. காத்தை இழுத்து, தண்ணியோட சேர்த்து, வெளிச்சத்துல ஆக்கிக்கும். வெளிச்சம்தான் அடுப்பு. அடுப்பு எரியாத வீட்டுல சாமானை மூட்டை மூட்டையா இறக்கி என்ன பிரயோசனம்?

— சரி சரி. நேரமாச்சு.

— இருட்டுல வச்ச செடி என்ன பண்ணும் தெரியுமா? முதல்ல தண்டுல சேர்த்து வச்சிருக்கிறதைத் தின்னும். அப்புறம் அடி இலையைப் பழுக்க விட்டு, அதுல இருக்கிறதை உறிஞ்சிக்கும். எங்கயாவது ஒரு துளி வெளிச்சம் கிடைக்குமான்னு தண்டு நூல் மாதிரி வெளுத்துப் போய் ஓடும். தன்னையே தின்னு தீர்த்துட்டு ஒரு நாள் சாய்ஞ்சிடும். இது அப்படிச் சாய்ஞ்சிருக்க வேண்டிய செடி. ஆனா எங்கயோ பகல் முழுக்க நல்லாச் சாப்பிட்டுட்டு இருக்கு.

— எங்கயோன்னா?

— இலை எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு நீங்களே பாருங்க. ஒண்ணாவது நம்மளைப் பார்க்குதா? அத்தனையும் கதவுக்கு மேல இருக்கிற கண்ணாடியைப் பார்த்து நிக்குது. போன புதன்கிழமை தொட்டியை அப்படியே திருப்பி வச்சுட்டுப் போனேன். மறுபடி அங்கயே திரும்பிடுச்சு.

— உள்ள ட்யூப்லைட்டை அணைக்க மறந்திருப்பேன்.

— சாவியே இல்லைன்னீங்களே.

— அம்மா, இதோ பாருங்க. கண்ணாடியில எங்கயாவது வெளிச்சம் தெரியுதா? இருட்டாத்தானே இருக்கு?

— நான் வந்தா அணைச்சிடறாங்க.

— அணைச்சிடறாங்கன்னா? யாரு?

— அதைத்தான் நானும் கேக்கறேன். இந்த இலையைக் கொஞ்சம் தடவிப் பாருங்க. ஹால்ல இருக்கிற செடி மேலெல்லாம் உங்க மிஷின் கிளப்பற தூசி அப்பிக் கிடக்கு. இதுல ஒரு பொட்டு கிடையாது. அடிப்பக்கத்தைக் கூட ஈரத்துணியால துடைச்சு விட்டிருக்கு. இலை மூச்சு விடறது அடிப்பக்கம்தான். அது தெரிஞ்ச கை துடைச்சிருக்கு. அது உங்க கை இல்ல.

— போதும். அடுத்த வாரத்திலேர்ந்து நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். உங்க தொட்டியெல்லாம் எடுத்துட்டுக் கிளம்புங்க.

— தாராளமா வேற ஆளை வச்சுக்கோங்க. ஆனா இன்னிக்கு மட்டும் கதவைத் திறந்திடுங்க, டாக்டர். உள்ள யாரும் இல்லைன்னு என் கண்ணால பார்த்துட்டுப் போயிடறேன். யாரும் இருக்கக் கூடாதுன்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டே வந்தேன்.

— உங்ககிட்ட எத்தனை தடவை சொல்றது? உள்ள—

— அண்ணா, விடு. நான் திறக்கிறேன்.

— நீ சும்மா இரு. பேசாதே.

— எட்டு மாசமா பேசாமத்தான் இருந்தேன். இவங்க கேட்டுட்டாங்க, இனிமே பேசாம இருந்து என்ன?

— செடிக்காரம்மா, தப்பா நினைக்காதீங்க. நான் யாரையும் அடைச்சு வைக்கலை. அவ என் தங்கச்சி. சாவி அவகிட்டத்தான், உள்பக்கமாப் பூட்டியிருக்கு.

— வாங்கம்மா. பயந்துட்டீங்களா? என் முகத்தைப் பார்க்கறவங்க எல்லாரும் ஒரு அடி பின்னால போவாங்க. தாடை ரெண்டு இடத்துல விட்டுப் போச்சு. அண்ணன் பல் டாக்டரா இருந்தும் இவ்வளவுதான் ஒட்ட வைக்க முடிஞ்சது.

— கடவுளே. யாரும்மா இப்படிப் பண்ணினது?

— என் வீட்டுக்காரர்.

— இன்ஸ்பெக்டரா இருக்கான், அம்மா. புகார் கொடுக்கப் போனா அவன் மேசையிலதான் கொடுக்கணும். கோர்ட்டுக்குப் போய், அவன் இந்த வாசலை மிதிக்கக் கூடாதுன்னு தடை வாங்கி வச்சிருக்கேன். இவ வெளிநாட்டுக்குப் போயிட்டான்னு சொந்தக்காரங்க எல்லாரும் நம்பறாங்க. அவனுக்குச் சந்தேகம் இருக்கு, நிச்சயமாத் தெரியாது. தெரிஞ்சா தடையாவது ஒண்ணாவது. அவனுக்கு ஒரு தடவை உள்ள வந்தாப் போதும்.

— எத்தனை நாளைக்கும்மா இப்படி ஒளிஞ்சிருப்பீங்க?

— அடுத்த மாசம் கேஸ் வருது. நானே நேர்ல போய்ச் சொல்லணும். அதுவரைக்கும்தான்.

— அதுவரைக்கும் இவ உசிரோட இருக்கணும். அதான் என் கவலை. பகல்ல விளக்கே போடாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்.

— எனக்காகப் போடலை, அண்ணா. எனக்கு என்ன, பகல் பூரா படுத்துத்தானே கிடக்கேன். இதை இங்க வச்ச முதல் வாரம் கிளினிக் பூட்டினதும் வெளிய வந்து பார்த்தேன், இந்தச் செடி வாசல்ல துவண்டு போய் நின்னுது. ஒரு இலை பழுத்திருந்தது. எனக்கு மனசு கேக்கலை. பதினோரு வருஷம் ஆறாம் வகுப்புல இந்தப் பாடம்தான் நடத்தினேன், அம்மா. கரும்பலகையில பெரிசா ஒரு இலை வரைஞ்சு, சூரியனுக்கு அம்புக்குறி போட்டு. பாடம் சொல்லிக் கொடுத்தவளே கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு அதைப் பட்டினி போடலாமா? நீங்க வர்ற நாள் தவிர மத்த நாளெல்லாம் பகல்ல போட்டு வச்சேன். ஏன் அழறீங்க?

— ஒண்ணுமில்லம்மா. உங்ககிட்ட பை ஏதாவது இருக்கா?

— எதுக்கு?

— நாலு துணியை எடுத்துப் போட்டுக்கோங்க. மாத்திரை இருந்தா அதையும். டாக்டர், காரைப் பின்பக்கச் சந்துக்குக் கொண்டு வாங்க. முன்வாசல் வேண்டாம்.

— என்னம்மா சொல்றீங்க? இவளை எங்க கூட்டிட்டுப் போகச் சொல்றீங்க?

— எங்கயாவது. எனக்குத் தெரிய வேண்டாம், என்கிட்டச் சொல்லாதீங்க.

— நிறுத்துங்க. என்ன நடந்ததுன்னு சொல்லுங்க முதல்ல.

— டாக்டர், நீங்க என்கிட்ட ஹாலுக்கு மட்டும்தான் செடி கேட்டீங்க. உள்ளே இந்த நடைக்கு வைக்கச் சொல்லலை. நினைவிருக்கா?

— ஆமாம். மிச்சம் இருக்கு, சும்மா வச்சுட்டுப் போறேன்னீங்க.

— சும்மா வைக்கலை. இந்தக் கட்டடத்துல பூட்டின கதவு நாலு இருக்கு. நாலு வாசல்லயும் ஒவ்வொரு தொட்டி வச்சேன். மத்த மூணும் வாடிடுச்சு.

— அண்ணா, கொஞ்சம் உட்காரு. உனக்கு முகமே சரியில்ல.

— யார் வைக்கச் சொன்னது?

— என் பையன் வண்டியில போயிட்டிருந்தான், டாக்டர். அவனோட சொந்த வண்டி, அவன் பேர்ல இருக்கிற வண்டி. அது திருட்டு வண்டின்னு அந்த இன்ஸ்பெக்டர் அவனைப் பிடிச்சுட்டுப் போயிட்டாரு. ஏழு வாரமாச்சு. பார்க்கக் கூட விடலை. ஒரு நாள் என் நர்சரிக்கு அவரே வந்தாரு. அந்தப் பல் கிளினிக்குக்கு நீதானே செடி வைக்கறே, அங்க எந்த ரூம்ல ஆள் இருக்குன்னு பார்த்துச் சொல்லு, சொன்னா உன் பையன் வீட்டுக்கு வருவான்னாரு. நான் எங்க போய்க் கதவைத் தட்டுவேன்? எனக்குத் தெரிஞ்சது செடி ஒண்ணுதான்.

— சொல்லிட்டீங்களா?

— உள்ள இருக்கிறவங்க எதுக்கு ஒளிஞ்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது, டாக்டர். சத்தியமாத் தெரியாது. கோவிச்சுக்கிட்டுப் போன சம்சாரத்தைத் தேடறேன்னுதான் சொன்னாரு.

— நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. சொல்லிட்டீங்களா, இல்லையா?

— அண்ணா, கத்தாதே. அம்மா, இங்க பாருங்க. உங்க பையன் இப்ப எங்க இருக்கான்?

— காலையில வீட்டுக்கு வந்துட்டான்மா.