நாவல் கறை

நாவல் பழத்தை உப்புப் போட்டுக் குலுக்கித் தின்றால்தான் ருசி என்பார்கள். எனக்குப் பிடிக்காது. துவர்ப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கறைதான் ஆகாது.

எண்பத்தொன்பதில் செம்பாக்கத்தில் நான் வீடு கட்டியபோதே பக்கத்து மனையில் அந்த மரம் இருந்தது. கன்னியம்மாவின் மரம். ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்திருந்த உள்ளூர்க் குடும்பம். ஆனி பிறந்தால் பழம் கொட்டித் தெருவே ஊதாவாகிவிடும். மிதிக்காமல் என் கேட்டைத் தாண்ட முடியாது. மற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அது ஒருவிதத்தில் வசதியாக இருந்தது, சார்.

நான் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சரக்கு எங்கே போயிற்று என்று கேட்பதுதான் உத்தியோகம். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் திரும்புவதற்குள் இருட்டிவிடும். அதுவரை என் மனைவி சாமுண்டீஸ்வரி தனியாக இருப்பாள். என்னைவிட ரொம்பச் சின்னவள், லட்சணமானவள். வந்ததும் அவள் பாதத்தைப் பார்ப்பேன். ஊதாவாக இருந்தால் வெளியே போயிருக்கிறாள். ஒருநாள் இருந்தது. நான் கை ஓங்கவில்லை. மறுநாளிலிருந்து வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போனேன், அவ்வளவுதான்.

அப்புறம் பாதம் சுத்தமாக இருந்தது. ஆனால் ஒருநாள் பேசும்போது நாக்கு ஊதாவாகத் தெரிந்தது. கன்னியம்மா ஜன்னல் வழியாகப் பழம் கொடுத்திருக்கிறாள். பழம் நுழைகிற வழியில் எதுவும் நுழையும். ஜன்னல்களுக்குப் பலகை வைத்து ஆணி அடித்தேன். தினமும் "நாக்கை நீட்டு" என்பேன். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

அவளுக்கு வீசிங் உண்டு. காற்றில்லாமல் அது முற்றிவிட்டது என்கிறார்கள். கன்னியம்மா ஒருநாள் என்னை வழிமறித்தாள்.

"இன்னா சார், அந்தப் பொண்ணு மூச்சு வுட முடியாம கீது. ஜன்னலையாச்சும் தொறந்து வுடேன்."

"இது என் வீட்டு விஷயம்மா" என்றேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

சம்பவத்தன்று காலை சாமுண்டீஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மூச்சு முட்டுதுங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

நாக்கை நீட்டச் சொன்னேன். நாக்கும் உதடும் ஊதா. இத்தனை செய்தும் ஏமாற்றிவிட்டாளே. ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்தேன், போகவில்லை. நாவல் கறை லேசில் போகாது. யார் கொடுத்தது என்று கேட்டேன். பதில் சொல்ல அவளுக்கு மூச்சு வரவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன். பூட்டிக்கொண்டு கிளம்பினேன். உள்ளேயிருந்து தட்டினாள். காதில் விழுந்தது. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

கன்னியம்மாவின் வீட்டார் பூட்டை உடைத்தபோது அவள் கதவோரமாகவே கிடந்தாளாம். மூச்சுக் காற்று போதாமல் போனால் நாக்கு அப்படித்தான் நிறம் மாறும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அது புரட்டாசி மாதம், மரத்தில் ஒரு பழம்கூட இல்லை என்று கன்னியம்மாவும் சொல்லியிருக்கிறாள். அதை நான் மறுக்கவில்லை. தினமும் பார்க்கிற மரம், எனக்குத் தெரியாதா?

அதனால்தான் கேட்கிறேன். இந்த ஊரிலேயே கிடைக்காத பழத்தை எவனோ வெளியூரிலிருந்து அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அவன் யார் என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள், சார்.