அடுப்படி வாசல் பள்ளம்

ஹலோ... ஹலோ, முனியராஜ் தம்பியா? நான் நாரணாபுரத்துல இருந்து எழில் பேசுறேன்... எந்த எழிலா? சரியாப் போச்சு. மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுறேன்னு மிஷின நடு ஹால்ல நிப்பாட்டிட்டுப் போனீகள்ல, அந்த வீட்டு எழிலு... ம்ம், ரோஜாவோட மதினி. அந்தப் பேரச் சொன்னாத்தான் வீடு ஞாபகம் வருது.

காச்சலா?... மிஷினுக்குக் கல்லு தேஞ்சுபோச்சு, மதுரைல போயி வாங்கிட்டு வாறேன்னுல்ல சொன்னீக... சரி சரி, மதுரைக்குப் போயி காச்சல வாங்கிட்டு வந்திருக்கீக.

கோவமெல்லாம் இல்ல தம்பி. ஞாயித்துக்கிழம ரோஜாவப் பொண்ணு பாக்க காரியாபட்டில இருந்து வாறாக, தரை தேஞ்சு கறுத்துக் கெடக்குன்னுதான உங்களக் கூப்பிட்டோம். அதக் காதுல கேட்டதுல இருந்து உங்களுக்கு ஒவ்வொண்ணா ரிப்பேராகுது. மொதல்ல வயரு, அப்புறம் கல்லு, இப்ப ஒடம்பு... நான் எங்க சிரிச்சேன்? லைன் அப்படித்தான் கேக்கும்.

இருங்க, வச்சுராதீக. நேத்து கம்பெனி லீவுன்னு நானும் ரோஜாவும் வீட்டக் கழுவி விட்டோம். ஹால் பூராம் தண்ணி வடிஞ்சிருச்சு. அடுப்படி வாசல்ல மட்டும் தேங்கி நிக்குது... ஆமா, வட்டமா. தோசைக்கல்லு அகலத்துக்கு... மிஷின ஒரே எடத்துல வச்சு ஓட்டுனா பள்ளம் விழும்னு மொத நாளு எங்களுக்குப் பாடம் எடுத்ததே நீங்கதான தம்பி?

அங்கன கறை நெறையவா? சாமி படத்துக்குக் கீழ எண்ணெ வடிஞ்சு பிசுக்குப் பிடிச்சுக் கெடக்கு, அங்கன ஒரு சுத்துகூடச் சுத்தல. சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி பஸ்ஸு வந்து நிக்கும். ரோஜா கைகால் கழுவிட்டு அடுப்படிக்குக் காப்பி போடப் போவா. ஒடனே உங்க மிஷினு அந்த வாசலுக்கு வந்துரும். அவ வெளிய வார வரைக்கும் அங்கனயேதான் சுத்தும்... எனக்கு எப்படித் தெரியுமா? நானும் அந்த வீட்டுலதான தம்பி இருக்கேன்.

பதறாதீக... எங்க வீட்டுக்காரருக்கா? ஆங், தெரியும். நேத்து அந்தத் தண்ணியப் பாத்துட்டு, வேற ஆள விட்டு அந்த எடத்தப் பேத்துட்டுப் புதுசாப் போட்டுருவோம்னாரு. ரோஜா வெளக்குமாத்தக் கீழ போட்டுட்டு, "அத யாரும் தொடக்கூடாது, அப்படியே கெடக்கட்டும்"னா. அம்புட்டுத்தான் சொன்னா. அண்ணங்காரரு அவளப் பாத்தாரு, பள்ளத்தப் பாத்தாரு, சட்டைய மாட்டிட்டுக் கெளம்பிட்டாரு.

எங்கயா? உங்க ஊருக்குத்தான், ஆமத்தூருக்கு... ஏன் தம்பி கதவச் சாத்துறீக, இங்க வரைக்கும் கேக்குது. அடிக்கிறதுக்கில்ல. உங்க தாய்மாமாகிட்ட முறை விசாரிச்சுட்டு வந்திருக்காரு. அவருக்கு நீங்க மச்சான் முறைதானாம். நான் தம்பின்னு கூப்பிட்டதும் சரியாத்தான் இருந்திருக்கு.

ஹலோ... இருக்கீகளா?... காரியாபட்டிக்காரகளா? வரவேண்டாம்னு சொல்லியாச்சு... ஆமா... ஆமா தம்பி, நெசமாத்தான்... அட, அழுகாதீக. காச்சலுக்கு ஆகாது.

கேளுங்க. ஞாயித்துக்கிழம காலைல வாங்க. மிஷினு கெடந்துட்டுப் போகுது, அதுக்காக வரவேண்டாம். அம்மாவக் கூட்டிட்டு, பூ வாங்கிட்டு வாங்க. மிச்சப் பாலிஷக் கல்யாணத்துக்கு முன்னாடி போட்டுக்கிரலாம்... ரோஜாவா? பக்கத்துலதான் நிக்கா, ரிசீவரப் பிடுங்குறா. இருடி, பேசி முடிச்சுருதேன்... தம்பி, அம்மாவ மட்டும் அடுப்படி வாசல்ல பாத்துக் கால் வைக்கச் சொல்லுங்க. நேத்துத் தேங்குன தண்ணி, இவ இன்னும் தொடைக்கவே விடல... ஏய், விடுடி...