செக்யூரிட்டி ரூமில் ஒரு கோல்

— ஊதிட்டேன் சார். ஊதின கோலைத் திருப்பி வாங்க இது என்ன ஓட்டல் தோசையா, முறுகல் பத்தலன்னு தட்டோட உள்ள அனுப்ப?

— நாராயணசாமி மாஸ்டர், எமோஷனல் ஆகாதீங்க. ரெஃப்ரி நீங்கதான், யார் இல்லன்னு சொன்னா? பேசிக்கலி உங்க டெசிஷனுக்கு டெக்னாலஜி ஒரு சின்ன ஹெல்ப் பண்ணப் போகுது. வேர்ல்ட் கப்லயே வீடியோவ ஓட்டிப் பார்த்து முடிவு பண்ற வி.ஏ.ஆர். வெச்சிட்டாங்க, நம்ம மே தினக் கோப்பைல வெக்கக் கூடாதா? ஸ்ரீ சிட்டி கம்பெனிங்கள்லயே ஃபர்ஸ்ட் டைம்.

— வெக்கலாம் மோகன்ராஜ் சார், கம்பெனி மேனேஜர் நீங்க. வேர்ல்ட் கப்ல ஏ.சி. ரூம்ல நாலு பேர் உக்காந்து பார்க்கறான். இங்க வாட்ச்மேன் வெங்கடசாமி ரூமு. அவர் லுங்கி கொடில காயுது. அந்த லுங்கிக்குக் கீழ நின்னுக்கினுதான் நீங்க என் கண்ணு சரியில்லன்றீங்க.

— சரியில்லன்னு நான் சொல்லவே இல்ல. டவுட்ஃபுல்னு சொன்னேன். பந்து கிராஸ் பார்ல பட்டது, கீழ விழுந்தது, வெளிய வந்தது. கோட்டுக்கு உள்ள விழுந்துதா, கோட்டு மேல விழுந்துதா? மனுஷக் கண்ணுக்கு ஒரு லிமிட் இருக்கு மாஸ்டர்.

— உள்ள வுழுந்துச்சி சார். ஒரு மொழம் உள்ள. அடிச்சவ நான், எனக்குத் தெரியாதா?

— கல்பனா, உன்ன யாரு உள்ள விட்டது? கான்ட்ராக்ட் ஆளுங்க செக்யூரிட்டி ரூமுக்கு வரக் கூடாதுன்னு கதவுலயே எழுதியிருக்கு.

— கதவு தொறந்துக்கினு இருந்துச்சி சார், எழுத்து அந்தப் பக்கம் பூடிச்சி. மாஸ்டரு, டீம் கேப்டன் கூட இருக்கலாம் இல்ல?

— இருக்கலாம்னு ரூல் இல்ல. வாட்ச்மேன் கட்டில் மேல டி.வி.ய வெச்சிப் பார்க்கணும்னும் ரூல் இல்ல. நில்லு.

— அஞ்சு நிமிஷத்துல முடிச்சாகணும். டைரக்டர் ஸ்டேஜ்ல வெயிட் பண்றார். கப்பைக் குடுத்துட்டு அவர் சென்னை ஏர்போர்ட் போகணும்.

— தெரியுது சார். மூணாவது கட்டத்துல கொட்டாவி வுட்டுக்கினு கீறாரு.

— கட்டம் இல்ல, கேமரா த்ரீ. இது பதினாறு கேமரா சிஸ்டம். லேட்டஸ்ட்.

— லேட்டஸ்ட்டுதான். ஏழாவது கட்டத்துல கோல் போஸ்டாண்ட எரும நிக்குது பாருங்க. அது ஆஃப்சைடான்னும் பார்த்துச் சொல்லிடலாமா?

— மாஸ்டர், தமாஷ் வேணாம். அந்த கேமரா செவன்தான் நம்ம கோல் லைன் கேமரா.

— நேத்து வரைக்கும் அது சைக்கிள் ஷெட் கேமரா. வரும்போது வெங்கடசாமி சொன்னார்.

— ரீ-பர்பஸ் பண்ணியிருக்கோம்.

— சரே. கழுத்த இந்தப் பக்கம் திருப்பினதுக்கு இங்கிலீஷ்ல அவ்ளோ பெரிய பேரா.

— மாஸ்டரு, நீங்க சண்ட போடாதீங்க. எனக்கு அந்த டி.வி. வேணும். போடுங்க சார், பார்க்கலாம்.

— ஏம்மா, உனக்கு கோல் குடுத்தவன் நான். என் விசில் மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?

— விசிலு மேல நம்பிக்க கீது மாஸ்டரு. ஆனா நீங்க ஊதிட்டு புத்தூர் பஸ்ஸு ஏறிப் பூடுவீங்க. திங்கக்கிழம இந்த சாரு முன்னால நிக்கப்போறது நானு. மூணாவது மெமோ, என்கொயரி. கக்கூஸு வாசல்ல கீற கேமரா என்னப் பார்த்துச்சாம். ஏப்ரல் எட்டாந்தேதி பதினாலு நிமிசம் உள்ள இருந்தேனாம், பதிவுல தெளிவா தெரியுதாம். மூணு மெமோ ஆச்சின்னா கேட்டுக்கு வெளிய. பொம்பள உள்ள பூந்து வெளிய வர்ற நிமிசத்த எண்ற கேமராவுக்கு, இத்தாம் பெரிய பந்து தெரியாமயா பூடும்?

— ஓ. சார் மைக்ல சொன்னாரே, அது இதுக்குத்தானா?

— ஆமா மாஸ்டரு. ஜெயிக்கிற டீமுல யாரு மேல மெமோ இருந்தாலும் மே தினப் பரிசா கேன்சல்னு சொன்னாரு. டைரக்டரு கூட கை தட்டினாரு. அதுக்கு அப்பாலதான் எங்க பொண்ணுங்க பந்து பின்னால ஓட ஆரமிச்சதே. கோலு நின்னா திங்கக்கிழம எனக்கு டூட்டி. இல்லன்னா எங்கம்மாவோட மாந்தோப்புல காய் பொறுக்கப் போணும்.

— அது பேசிக்கலி ஒரு மோட்டிவேஷனல் ஸ்டேட்மென்ட்.

— போன வருஷம் இந்த நாலாவது லைன் பொண்ணுங்க உங்க அட்மின் டீம்கிட்ட ஆறு-சைபர்ல தோத்தாங்க. அந்த தைரியத்துல மோட்டிவேட் பண்ணிட்டீங்க. இப்ப கடைசி நிமிஷத்துல ரெண்டு-ஒண்ணுன்னதும் வி.ஏ.ஆர். ஞாபகம் வந்துடுச்சு. எத்தன மெமோம்மா உங்க டீம் மேல?

— பதினேழு.

— பதினோரு பேருக்கா? ஆளுக்கு ஒண்ணு போட்டும் கை அடங்கல போல.

— டிசிப்ளின் ஒரு கல்ச்சர் மாஸ்டர். கவர்மென்ட் ஸ்கூல்ல வேலை பார்க்கறவங்களுக்கு அது புரியாது.

— புரியாதுதான். எங்க ஸ்கூல்ல பசங்க ஒண்ணுக்குப் போனா நாங்க கதவாண்ட நின்னு வாட்ச் பார்க்கறதில்ல.

— நீங்க டெக்னாலஜிக்கே எதிரி, அதுதான் விஷயம். இருபத்தஞ்சு வருஷம் வெறும் கண்ணால பார்த்துப் பழகிட்டீங்க. கண்ணு சொந்தக்காரனப் பார்க்கும், ஜாதி பார்க்கும், பயப்படும். மெஷினுக்கு அதெல்லாம் கிடையாது.

— பயமா? நகரி ஊர்ல ஒரு ஃபைனல்ல கோப்பை வாங்கிக் குடுத்தவர் பையனுக்கே ரெட் கார்டு காட்டிட்டு, பேன்ட் மாத்த நேரம் இல்லாம கரும்பு லாரில ஏறி வீடு வந்து சேந்தவன் நான். தப்பும் பண்ணியிருக்கேன், இல்லன்னு சொல்லல. கார்வேட்டிநகரத்துல உள்ள போன பந்த வெளியன்னு ஊதிட்டேன். இன்னிக்கும் அந்த ஊர் டீக்கடைல எனக்கு டீ ஆறிப் போய்த்தான் வருது. சரே, நான் தப்பு பண்ணா திட்டறதுக்கு என் மூஞ்சி இருக்குது. உங்க பெட்டி தப்பு பண்ணா ஜனங்க எந்த மூஞ்சியப் பார்த்துத் திட்டுவாங்க?

— திட்டறதுக்கு ஆளு கெடச்சா எங்களுக்கு இன்னா லாபம் மாஸ்டரு? திட்டிட்டு வூட்டுக்கு நடக்கணும். படம் கீதுன்னா, இத்தப் பாருன்னு காட்டலாம். நான் நடிக்கிற படத்த நானே இன்னும் பார்த்தது இல்ல, மெமோவுல கதைய மட்டும் படிக்கிறேன். ஒரு தடவ கண்ணால பார்க்கறேன், வுடுங்க.

— சரே. போடுங்க சார். உள்ள விழலன்னு படத்துல தெரிஞ்சா, மைக்ல நானே சொல்றேன், என் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு.

— நீங்க பார்க்கணும்னு அவசியம் இல்ல மாஸ்டர். ப்ராசஸ் என்னன்னா, நான் பார்த்து உங்களுக்கு அட்வைஸ் பண்ணுவேன். நீங்க வெளிய போய், ரெண்டு கையால டி.வி. மாதிரி ஒரு சதுரம் காட்டிட்டு, நோ கோல்னு சொன்னாப் போதும்.

— பார்க்கறதுக்கு முன்னாடியே நோ கோலா?

— ஃபார் எக்ஸாம்பிள் சொன்னேன்.

— எக்ஸாம்பிளு மட்டும் ரொம்ப தெளிவா கீது சார்.

— கொஞ்சம் தள்ளுங்க. பின்னால ஓட்டணும்னா எந்த பட்டன்? இதா? எரும நின்ன எடத்துலயே நிக்குது. முன்னாலயும் போவல, பின்னாலயும் போவல.

— அத தொடாதீங்க மாஸ்டர், சர்வர் பஃபர் ஆகிக்கிட்டிருக்கு.

— சார், மேல மூலைல செவப்பா இன்னாவோ மின்னுது. நோ... டி, ஐ, எஸ், கே. நோ டிஸ்க்.

— அது ஒரு நோட்டிஃபிகேஷன்.

— எங்க லைன்ல செவப்பு எழுத்து வந்தா ரிஜெக்ட்டுன்னு தனியா எடுத்து வெப்போம் சார்.

— மோகன்ராஜ் சார், நேராப் பேசுவோம். இதுல பதிவு ஆகுதா, இல்லையா?

— லைவ் வரும்.

— லைவ் எனக்கு ஜன்னல் வழியாவே வருது. பதிவு?

— பாருங்க, இது நமக்குள்ள இருக்கட்டும். சங்கராந்தி லீவுல ஏதோ ஷார்ட் ஆகி ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. ஹெட் ஆபீஸுக்கு எழுதியிருக்கேன், அப்ரூவல் வரல. டைரக்டருக்கு விஷயம் தெரியாது. வி.ஏ.ஆர். பத்தி அவருக்கு நானே பன்னெண்டு ஸ்லைடு போட்டுக் காட்டியிருக்கேன். இப்ப போய் படமே இல்லன்னா என் நிலைமை என்ன?

— அப்ப படத்த பார்க்கணும்னு நடு கிரவுண்டுல ஓடி வந்து கத்தினது யாரு?

— ஓடி வந்தது ஒரு ஸ்ட்ராட்டஜி. நீங்க வெளியவே நிப்பீங்கன்னு நெனச்சேன்.

— சரே, ரூல் சுலபம். படம் இல்லன்னா முதல்ல ஊதினதுதான் நிக்கும். வேர்ல்ட் கப்பா இருந்தாலும் அதுதான். கோல். ரெண்டு-ஒண்ணு. வாம்மா, போகலாம்.

— இருங்க மாஸ்டர், இருங்க. பதினேழு மெமோவ கேன்சல் பண்ணிட்டு ஹெட் ஆபீஸ்ல நான் என்ன பதில் சொல்றது? மைக்ல சொன்னது கூட மேனேஜ்மென்ட் ரிவ்யூவுக்கு உட்பட்டதுதான். அதையும் இப்பவே கிளியர் பண்ணிடறேன்.

— அதாவது கோல் நின்னாலும் மெமோ போவாது.

— ரிவ்யூ பண்ணுவோம்னு சொல்றேன்.

— எப்ப சார் ரிவ்யூ?

— பண்ணும்போது தெரியும்மா.

— அப்ப ஒண்ணு கேக்கறேன் சார். இந்த கோலு வேணாம்னு நானே சொல்லிட்டா உங்களுக்கு சரியா பூடுமா?

— இதுதான் ஸ்பிரிட். ஒண்ணு-ஒண்ணு, டிரா. டிரா ஆனா போன வருஷ சாம்பியனுக்கே கப்னு சர்க்குலர்லயே போட்டிருக்கேன். நம்ம அட்மின் டீம் எடுத்துக்கும். கல்பனா, உன்கிட்ட இவ்வளவு மெச்சூரிட்டிய நான் எதிர்பார்க்கவே இல்ல.

— உனக்குப் பைத்தியமா? ரிவ்யூவோ கிவ்யூவோ, உன் கைல இருக்கறது அந்த ஒரு பந்துதான். அதையும் வுட்டுட்டா திங்கக்கிழம எதக் காட்டி நிப்ப? நான் விசில மாத்த மாட்டேன்.

— நீங்க மாத்த வேணாம் மாஸ்டரு. மேட்சு முடிஞ்சா ரிப்போர்ட்டு எழுதுவீங்க இல்ல, அதுல எழுதுங்க. நீங்க கோலுன்னு ஊதினீங்க, கம்பெனில கேமரா பதிவ பார்க்கணும்னாங்க, வந்து பார்த்தா பதிவே இல்ல, அதனால கேப்டன் கல்பனா கோல வுட்டுக் குடுத்துட்டான்னு. சாரும் ஒரு கையெழுத்து போடட்டும்.

— நான் எதுக்கும்மா கையெழுத்து?

— வெளிய பத்து பொண்ணுங்க நிக்கறாங்க சார். உள்ள போயி இவ வெல போய்ட்டான்னு பேசுவாங்க. நான் ஏன் வுட்டேன்னு அதுங்களுக்கு எழுத்துல காட்டணும். நான் வாயால சொன்னா நம்பாதுங்க. படத்த காட்டுன்னு மொத்தமா இங்க வந்து நிக்கும். டைரக்டரும் இன்னா கூட்டம்னு பார்க்க வருவாரு. பாருங்க, எழுந்துக்கினாரு.

— எழுந்துட்டாரா? எழுதுங்க மாஸ்டர், எழுதுங்க. இந்த ரிப்போர்ட் எங்க போகும்?

— மண்டல ஆபீஸ்ல ஒரு பீரோ இருக்குது. அதுக்குள்ள போவும். ஒரு காப்பி எனக்கு, ஒண்ணு கேப்டனுக்கு.

— பீரோதானே. குடுங்க.

— இருங்க, எழுதறேன். சங்கராந்தின்னு எழுதினா ஆபீஸ்ல கேப்பாங்க. தேதி?

— ஜனவரி பதினஞ்சு.

— மாஸ்டரு, ஏழாவது கேமரா மட்டுமா, எல்லாமேவா?

— எல்லாத்துக்கும் ஒரே டிஸ்க்தான்மா. எல்லாம்தான். சீக்கிரம்.

— ஜனவரி பதினஞ்சு முதல் இன்று மே ஒண்ணு வரை, பதினாறு கேமராக்களிலும் எந்தப் பதிவும் இல்லை என நிர்வாகம் தெரிவித்தது. சரிதானா சார்?

— பர்ஃபெக்ட். என் சீல் கூட பாக்கெட்லயே இருக்கு. இந்தாங்க, கையெழுத்து, சீல். பார்த்தீங்களா மாஸ்டர், கடைசில வி.ஏ.ஆர்.தான் பிரச்சினைய முடிச்சு வெச்சுது.

— ஆமா சார். படமே இல்லாம முடிச்சு வெச்சுது, அதுதான் அதிசயம்.

— என் காப்பிய கிழிச்சிக் குடுங்க மாஸ்டரு. எழுத்து நல்லா வுழுந்துக்கீதா பாருங்க.

— விழுந்திருக்குது, இந்தா. இருபத்தஞ்சு வருஷத்துல, போட்ட கோலை வேணாம்னு எழுதி வாங்கினவள நான் பார்த்ததே இல்லம்மா.

— ஓகே, ஸ்டேஜுக்குப் போகலாம், வாங்க. கல்பனா, திங்கக்கிழமை பத்து மணிக்கு என்கொயரி, லேட் பண்ணாத. உன் ஸ்பிரிட்ட பத்தி கமிட்டில நானே ரெண்டு வார்த்த சொல்றேன்.

— அது இருக்கட்டும் சார். நான் இந்தப் பேப்பர எடுத்துக்கினு வரேன், ஏப்ரல் எட்டாந்தேதி பதிவ எதுல போட்டுப் பார்த்தீங்கன்னு மட்டும் கமிட்டிகிட்ட சொல்லிடுங்க.