நன்றியுரையில் இல்லாத பெயர்

மனித குலத்தின் உணவு வரலாற்றில் முக்கியமான ஓர் அறிவிப்பை இதன்மூலம் வெளியிடுகிறேன்: உப்புமாவுக்குக் கோதுமையை இளஞ்சூட்டில் வறுத்த பிறகு உடைப்பதே நல்லது.

விசாரணைக் குழுவினர் கேட்டதால் மீதியையும் எழுதுகிறேன். என் பெயர் ஐயாசாமி. கோவைக்குப் பக்கத்தில் இந்த விதை ஆராய்ச்சிப் பண்ணையில் பதினெட்டு வருடமாக வயல் உதவியாளர். கதிரில் மணி எண்ணுவது என் வேலை. கோதுமையில் ஒரு வில்லங்கம் உண்டு. கதிரில் மணிகள் கூடினால் மணியின் எடை குறையும். ஒன்றைக் கூட்டும் மரபணு இன்னொன்றைக் குறைத்துவிடும். இதற்காகப் பெரிய பெரிய விஞ்ஞானிகள் கூட்டம் போட்டுப் போண்டா தின்றிருக்கிறார்கள். நாலாம் பாத்தியில், இந்த ஊர் வெயிலில், ஒரே ஒரு செடியில் இரண்டும் கூடியிருந்ததை நான்தான் பார்த்தேன். விஞ்ஞானி செவ்வந்தி மேடம் அதை ஏழு வருடம் பெருக்கி, மரபணுவைச் சோதித்து, "நெசந்தானுங்ணா, வெதையிலயே இருக்குது" என்றார்.

அந்தப் புதிய ரகத்தின் அறிமுக விழாவில் அவர் நன்றியுரை வாசித்தார். இயக்குநருக்கு நன்றி. பந்தல்காரருக்கு நன்றி. மைக் செட்டுக்கும் நன்றி. என் பெயர் இல்லை.

"ஏனுங்க மேடம், என்ற பேரு?"

"அட போங்ணா. நம்மூட்டு ஆளுக்கு யாராச்சும் நன்றி சொல்லுவாங்களா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். மைக் செட்டுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

கலப்பில்லாத மூல விதை மொத்தமே நாலு கிலோ. குளிரறையில் ஒரே டப்பா. சோதனை வயல்களில் விளைந்தது மற்ற ரகங்களோடு கலந்து மாவு மில்லுக்குப் போயிருந்தது. மூல விதையில் ஒரு பங்கை வேறிடத்தில் வைப்பது விதி. அந்த விதியைக் கவனிப்பது என் பொறுப்பு. இன்னும் கவனித்திருக்கவில்லை.

திங்கட்கிழமை வெற்றி விருந்து. காலை டிபன் என் உபயம் என்றேன். விதையில் மருந்து தடவவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன். நான் அவ்வளவு கெட்டவன் அல்ல. வறுத்தேன், உடைத்தேன், தாளித்தேன். நாற்பது பேர் சாப்பிட்டார்கள். மேடம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

"ரவை எங்கீங்ணா வாங்குனீங்க? மணி மணியா இருக்குது."

"நம்மூட்டுதுங்க."

டப்பா காலி என்று தெரிந்தபோது, எலி என்றேன். குளிரறையைப் பார்த்துக்கொண்ட காளியாத்தாளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பத்து வருடமாக அந்த அறைக்குள் ஓர் எறும்பைக்கூட விடாதவர். போகும்போது என்னிடம் வந்தார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க. எலி வந்திருக்குமுங்களா?"

"வந்திருக்குமுங்க" என்றேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

நேற்று, ரகப் பதிவுக்கான விண்ணப்பம் திரும்பி வந்தது. விழாவுக்கு ஒரு மாதம் முன்பே மேடம் அனுப்பியது. கண்டறிந்தவர் என்ற கட்டத்தில் அவர் கையெழுத்தில் ஒரே பெயர்: ஐயாசாமி. ஓரத்தில் அலுவலகக் குறிப்பு: விதை மாதிரி மூன்று கிலோ அனுப்பவும்.

விதை இல்லை. எல்லோரும் சேர்ந்துதான் தின்றோம்.