ஆர்வோவின் வலைமுன் நான் ஊற்றிய தண்ணீர்

நம் ஐஸ் ஹாக்கிச் சங்கத்தின் தலைவர் துஷானா அம்மையார் அவர்களே! அணியை ஆளாக்கிய ஆன்றோர்களே! பனிக்காலம் முழுவதும் முட்டைக்கோஸ் சூப்பைத் தூக்கு நிறையச் சுமந்து வந்து பிள்ளைகளின் பசி தீர்த்த தாய்மார்களே! தோற்றாலும் தொண்டை வற்றக் கத்தும் தோழர்களே! இந்த அரங்கின் பனித்தளத்தை வழிக்கும் வண்டியை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓட்டும் போகுஷின் பணிவான வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? நம் கோல்கீப்பர் ஆர்வோ லெம்பினெனை வைத்துக்கொள்வதா, பின்லாந்துக்கு வழியனுப்புவதா என்று கைதூக்கி முடிவு செய்யக் கூடியிருக்கிறோம். "வயசாயிடுச்சு, அனுப்பிடுங்க" என்கிறார் பின்வரிசை நண்பர். இருங்கள் ஐயா, உங்களுக்கும் எனக்கும் ஆகாத வயதா அவருக்கு ஆகிவிட்டது? முப்பத்தாறு!

பிறந்த மண்ணில் இடமில்லை என்றார்கள், டென்மார்க் போனார். அங்கே அணி கலைந்தது, கசகஸ்தான் போனார். அங்கே முழங்கால் பெயர்ந்தது. நம் ஸ்லோவாக்கியாவுக்கு வந்தார். ஆறு ஆண்டுகள்! அடித்தவர் எவர்? எதிரணியினர். அடிபட்டவர் எவர்? ஆர்வோ! பாய்ந்து வரும் ரப்பர் வட்டை மார்பில் வாங்கினார், வாயில் வாங்கினார், நம் வசவையும் வாங்கினார்.

எனக்கும் அவருக்கும் ஆரம்பம் முதலே ஆகாது. நான் பனித்தளத்தை வழித்து, மேலே வண்டியிலிருந்து தண்ணீர் விட்டு உறையவைத்துக் கண்ணாடிபோல் ஆக்கி வைப்பேன். அவரோ வந்ததும் வராததுமாக வலைக்கு முன்னே நின்று, சறுக்குக் காலணியின் அடிக்கத்தியால் சரக் சரக்கென்று கீறிவிடுவார். பிடிமானத்துக்காக எல்லா கோல்கீப்பரும் செய்வதுதான்; எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி ஆட்டம் நினைவிருக்கிறதா? மறக்க முடியுமா? கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதிக்கு முந்தைய இடைவேளையில் வண்டியோடு இறங்கினேன். இன்று எப்படிக் கீறுகிறான் பார்ப்போம் என்று, வலைக்கு முன்னே மட்டும் இரண்டு மடங்கு தண்ணீர் விட்டேன். அது உறையவில்லை. பக்கவாட்டில் பாய முயன்றவர் வழுக்கி விழுந்தார். வட்டு வலைக்குள் போனது. தோற்றோம். ஊரே அவரைத் திட்டியது. கூட நின்று நானும் திட்டினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

சத்தம் போடாதீர்கள், முடித்துவிடுகிறேன், பிறகு அடியுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறை வாசலில் என்னை நிறுத்தி, கால்கவசத்தின் ஈரத்தைத் தடவிக் காட்டினார். "தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சுல்ல, அண்ணே?" அவ்வளவுதான். வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஏன் என்று நேற்றுத்தான் கேட்டேன்.

"எனக்கு வேற ஊர்ல வேற வலை கிடைக்கும்ணே. உங்களுக்கு இந்த வண்டியை விட்டா என்ன இருக்கு?"

அவையோரே! நாடு நாடாக அலைந்த மனிதர் நான்காவது முறையாக மூட்டை கட்டச் சம்மதித்தாரே, யாருக்காக? அவர் முதுகில் பழி போட்ட இந்தப் பாவிக்காக! வழுக்கியது அவர் கால்; வழுக்க வைத்தது என் கை. ஆர்வோ இங்கேயே இருக்கட்டும் என்று அந்தக் கையைத்தான் முதலில் தூக்குகிறேன்.

வண்டிச் சாவியைத் தலைவர் மேசையில் வைத்துவிட்டேன். என்னை என்ன செய்வதென்று பிறகு பேசுங்கள். அதோ, பின்வரிசை நண்பரும் தூக்கிவிட்டார்! தாய்மார்கள் இரண்டு கையையும் தூக்குகிறார்கள். ஒன்றுதான் கணக்கு, தாயே! எண்ணுங்கள் அம்மையாரே.

ஆர்வோ தம்பி, அடுத்த பருவத்தில் ஆசை தீரக் கீறு! வழித்து வைக்க யாராவது இருப்பார்கள். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.